மாத்திரை உயிரணுவுக்குள் போய்ச் சேர்ந்ததா?

மேட்டூர் நீர் கல்லணை கடந்து வாய்க்காலில் ஓடுவதைக் கண்டதும் தஞ்சை உழவர் வீடு திரும்பிவிடுவதில்லை; மடை வழியே வயலில் பாய்ந்ததா என்று பார்ப்பார். எச்.ஐ.வி. மருந்தையும் இப்படித்தான் பின்தொடர வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் அரசு இம்மருந்துகளை இலவசமாக வழங்கிவருகிறது. இன்று பலர் உண்ணும் மாத்திரையில் டெனோஃபோவிர் உண்டு. அது பிளாஸ்மா என்னும் இரத்த நீரில் மிதக்கும்வரை வைரசைத் தடுக்காது. உயிரணுவினுள் நுழைந்து, இரண்டு பாஸ்பேட்டுகள் சேர்ந்த பின்பே வேலை செய்யும்.

இரத்த நீரில் அதன் அளவு சுமார் 17 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே, மருத்துவமனைக்குப் புறப்படும் முதல்நாள் மட்டும் மாத்திரை விழுங்கியவரும் நாள் தவறாதவர்போல் அச்சோதனையில் தேறிவிடலாம்! சிவப்பணுவிலோ பாதியாகச் சுமார் 17 நாட்களாகும். வைரஸ் குடியிருப்பது சிலவகை வெள்ளணுக்களில்தான். ஆயினும் கடந்த சில வாரக் கணக்கைச் சொல்லும் சாட்சி சிவப்பணுவே.

இரத்தத் துளியை வடிதாளில் உலர்த்தி, மெத்தனால் கலந்த நீரால் அணுக்களை உடைத்து, நிறைமாலைமானியில் அளப்பர். கருவி விலை மிகுந்தது. இம்முறை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே நடக்கிறது.

மருந்து விட்டுவிட்டு உண்டால், அதற்கு அடங்காத வைரஸ் தலைதூக்கும். அளவு குறைந்திருப்பது முன்கூட்டியே தெரிந்தால், நோயாளியைக் கடிந்துகொள்ளாமல் விசாரிக்கலாம்: நடவு நாட்களில் மருந்து வாங்க வரமுடியவில்லையா, வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்தாரா?