கோழித் தீவனத்தில் பிண்ணாக்கும் கிளிஞ்சலும்

மயிலாப்பூர், அடையாறு வட்டாரங்களில் கோழி வளர்க்கும் அங்கத்தினர்கள் கருவாட்டுத் தூளை விடுத்துக் கடலைப் பிண்ணாக்கைக் கையாளுவதைக் காண்கிறோம். மாற்றம் நன்றே; ஆயின் அது மட்டும் போதாது. அதில் புரதம் நூற்றுக்கு 40 பங்களவு உண்டெனினும், லைசின், மெதியோனின் என்னும் அமிலங்கள் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கு மெதியோனினையும், சோயாப் பிண்ணாக்கு லைசினையும் ஈடு செய்யும்.

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உள்ளது. பிண்ணாக்கிலோ அது சொற்பம். தீவனத்தில் கிட்டாவிடில் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஓடு மெலியும், கால்கள் தளரும். ஆகவே உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கலத்தில் வைத்தல் வேண்டும்.

கடற்காற்றின் ஈரத்தில் பிண்ணாக்கில் பூஞ்சை எளிதில் படரும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சுமார் லட்சம் வான்கோழிகள் மடிந்தது பூஞ்சை நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கினாலேயே. சங்கத்தின் வாயிலாக வாங்குவோர் விலையை மட்டும் நோக்காது, சரக்கின் உலர்வையும் சோதித்தே பெறுவாராக.