மூட்டு ஆபரேஷனா? பொட்டலத்தையும் எடுத்து வாருங்கள்

முடக்குவாதத்துக்காக மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு வருபவர்களிடம், மயக்க மருந்து கொடுக்கும் நான் முதலில் பார்ப்பது முழங்காலை அல்ல, முகத்தை. கன்னம் உப்பியிருக்கும். கையில் தோல் மெலிந்து ஊதாத் திட்டுகள் தெரியும். “ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா?” என்றால், “இங்கிலீஷ் மருந்தே தொடுறதில்லை டாக்டர், மூலிகைப் பொடிதான்” என்பார்கள். இப்படி வருபவர்கள் குறைந்தபாடில்லை.

பொட்டலத்தில் என்ன?

லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட சங்கதி. இரண்டே நாளில் வலி பறப்பது வேறு எதனால்? பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. பேருந்து நிலையத்துப் பொட்டலத்தைச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் ‘வலி செட்’டும் இதே ரகம்தான்.

தினமும் 5 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சில வாரங்கள் உள்ளே போனால், அட்ரினல் சுரப்பி தானே ஸ்டீராய்டு சுரக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில், “ஆபரேஷன் வருதேன்னு எல்லாத்தையும் நிறுத்திட்டேன்” என்று பெருமையாகச் சொல்வது விபரீதம். மேசையிலேயே ரத்த அழுத்தம் சரியலாம். முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை (வாரம் ஒருமுறைதான், தினமும் அல்ல!). பயாலஜிக் ஊசிகளைத்தான் தள்ளிப்போடுவோம். எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம்.

காலுக்கு ஆபரேஷன், கழுத்துக்கு ஏன் எக்ஸ்ரே?

பில்லை ஏற்றத்தான் என்று நினைக்கிறார்கள். நாள்பட்ட முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்துபோகலாம். மயக்கத்தில் சுவாசக் குழாய் செருகத் தலையை மடக்கும்போது அவை நழுவித் தண்டுவடத்தை நசுக்கும் ஆபத்து உண்டு. வலியே இல்லாத கழுத்திலும் இது இருக்கும். வாய் அகலத் திறக்கவில்லை, குரல் கரகரக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தாடையிலும் குரல்வளையிலும்கூட மூட்டுகள் உண்டு.

‘முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி’

இல்லை. ஊசி இறங்கிய இடம் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். கழுத்தை அசைக்காமலே முழங்காலை மாற்ற முடிவதால், முடக்குவாதக்காரருக்கு முதுகில் போடும் மரப்பு ஊசி பெரும்பாலும் நல்ல வழி. முதுகெலும்பு இறுகிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகளுக்குத்தான் ஊசி நுழைவதே சிரமம். கழுத்தும் திரும்பாது. அவர்களுக்கு விழித்திருக்கும்போதே கேமரா வழியாகக் குழாய் வைப்போம்.

ஆபரேஷனுக்கு முன் கழுத்து எக்ஸ்ரேயுடன் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, தேவையானால் எக்கோவும் எடுக்கச் சொல்வோம்.

முந்தின நாள் மாலை வராதீர்கள்

சில வாரங்கள் முன்பே வாருங்கள். மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் பையோடு கொண்டுவாருங்கள். திட்டுவேன்தான்; ஆனால் மறைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.