நிழலுக்கும் நிறம் உண்டு

கிறிஸ்து பிறப்பு விழாக் குடிலுக்காக ஆண்டுதோறும் எங்கள் வீட்டில் சிறு தட்டுகளில் கேழ்வரகு விதைப்போம். சென்ற ஆண்டு நான் ஒரு தட்டைக் கட்டிலின் அடியில் வைத்து மறந்துவிட்டேன். பத்தாம் நாள் எடுத்துப் பார்த்தால், பயிர் நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறிய மஞ்சளாய்ச் சாய்ந்து கிடந்தது. "சோகை பிடிச்ச பயிரு" என்றார் பாட்டி. வெயிலில் வைத்ததும் இரண்டு நாளில் பச்சை ஏறியது; ஆனால் சாய்ந்தது நிமிரவில்லை.

ஒளியின்றிப் பச்சையம் உண்டாவதில்லை. விதையிலுள்ள உணவு தீருமுன் வெளிச்சத்தை எட்டவே பயிர் அவ்வாறு நீள்கிறது. இது பாடத்தில் படித்ததே. ஆனால் எங்கள் மாமரத்தடி மிளகாய்ச் செடி இருட்டிலா நிற்கிறது? பச்சையாகத்தான் இருக்கிறது. ஆயினும் கிளைக்காமல் ஒல்லியாக உயர்கிறதே, ஏன்?

கூரையின் நிழல் வேறு, இலையின் நிழல் வேறு. இலைகள் சூரிய ஒளியிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. நம் கண்ணுக்கு அநேகமாய்ப் புலப்படாத தூரச் சிவப்பு ஒளியையோ கீழே விட்டுவிடுகின்றன. செடிகளிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி இவ்விரு சிவப்புகளின் விகிதத்தை அறியும். தூரச் சிவப்பு மிகுந்தால், "பக்கத்தில் வேறொரு செடி மறைக்கிறது" என்று கொண்டு செடி உயரத் தொடங்கும். அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தார் 1952இல் லெட்டூஸ் கீரை விதைகளுக்கு இரு ஒளிகளையும் மாற்றி மாற்றிக் காட்டினர். கடைசியில் பட்டது சிவப்பு ஒளியானால் விதைகள் முளைத்தன; தூரச் சிவப்பானால் பெரும்பாலானவை முளைக்கவில்லை. எத்தனை முறை மாற்றினாலும் கடைசி ஒளியின் சொல்லே சட்டம்!

எல்லாச் செடிகளும் நிழலைக் கண்டு ஓடுவதில்லை. ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் உள்ளன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அராபிகா காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பிய மலைக்காடுகள். பெரிய மரங்களின் கீழ் வளர்ந்த குலம் அது. ஆகவே ஏற்காட்டில் சில்வர் ஓக் முதலிய மரங்களின் நிழலில் வளர்க்கிறார்கள். முழு வெயிலில் விட்டால் அளவுக்கு மீறிக் காய்த்து, கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துவிடும். நிழல் அடர்ந்தாலோ பூ குறைந்துபோகும். அதனால்தான் நிழல் மரங்களையும் அவ்வப்போது கவாத்து செய்கிறார்கள். சுற்றுலா சென்றபோது அதைக் கண்ட நாங்கள், விறகுக்கு வெட்டுகிறார்கள் என்றே நினைத்தோம்.