இன்றைய உடலுக்கு இன்றைய உடை

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் எடைக்கு மரியாதை உண்டு. பட்டையும் ஜரிகையையும் நிறுத்துப் பெற்றுக்கொள்ளும் நெசவாளர், நெய்து முடித்த சேலையையும் நிறுத்துத்தான் ஒப்படைக்கிறார். கிராம் கணக்கில் வேறுபாடு வந்தாலும் கேள்வி எழும். அந்தச் சேலை கடைக்குப் போனதும், வாங்க வந்த பெண் அதைக் கையில் ஏந்திப் பார்த்து, 'நல்ல கனம்' என்று மகிழ்கிறார். அதே பெண் தன் உடலின் எடையைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. 'இன்னும் கொஞ்சம் இளைத்த பிறகு ரவிக்கை தைத்துக்கொள்கிறேன்' என்கிறார்.

இந்தத் தயக்கம் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் உரியதன்று. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். ஆண்களில் இது 37 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) பெண்களிடையே இந்த அளவு 30.9 சதவீதமாக இருந்தது. நீரிழிவு, ரத்த அழுத்தம், மூட்டுவலி எனக் காரணம் சொல்லி, எடையைக் குறைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். எடைக் குறைப்புக்கான வாராந்திர ஊசி மருந்துகளும் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. ஆக, நம் வீடுகளில் இளைத்துக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை இனிக் கூடத்தான் செய்யும். உணவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் அவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் உடலுக்கு எதை உடுத்துவது என்று சொல்வோர் குறைவு.

இதில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. முதலாவது, இளைக்கும் வரை எதையும் வாங்காமல் தொளதொளத்த பழைய துணியிலோ இறுகிப் பிடிக்கும் துணியிலோ மாதக்கணக்கில் காலம் தள்ளுவது. இரண்டாவது, இரண்டு அளவு சிறிய உடையை இப்போதே வாங்கி அலமாரியில் தொங்கவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் தன்னை விரட்டிக்கொள்வது. முதல் வழக்கம், இன்றைய உடலுக்கு நல்ல உடை பெறும் தகுதி இல்லை என்கிறது. இரண்டாவது, நாளைய உடலுக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு என்கிறது. இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்.

பிள்ளையார்பாளையத்துத் தறியில் உருவாகும் சேலைக்கு இந்தக் கவலை இல்லை. அதற்கு அளவு கிடையாது. சுமார் ஐந்தரை மீட்டர் நீளமும், ஏறத்தாழ 48 அங்குல அகலமும் கொண்ட அந்தத் துணி, கட்டுகிறவரின் உடலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேலை இடுப்பை ஏறத்தாழ இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. இடுப்பளவு 4 அங்குலம் குறைந்தால், சுற்றில் 8 அங்குலத் துணி மிஞ்சும். 5 அங்குல அகலத்தில் கொசுவம் வைப்பவருக்கு ஒரு மடிப்புக்குச் சுமார் 10 அங்குலம் வேண்டும். அதாவது, மாதக்கணக்கில் முயன்று இளைத்த உடலுக்காகச் சேலையில் நிகழும் மாற்றம், ஏறக்குறைய ஒரே ஒரு கூடுதல் மடிப்பு. வேட்டிக்கும் இதே நியாயம்தான்.

தைக்காத துணியின் இந்தக் குணத்தை அரசும் அறிந்திருக்கிறது. 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில் தொடங்கிய இலவச வேட்டி, சேலைத் திட்டத்தில், கோடிக்கணக்கானோருக்கு ஒரே அளவிலான துணியை வழங்க முடிகிறது. யாரையும் நிறுத்தி அளவெடுக்க வேண்டியதில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கான இலவசச் சீருடைக்கு அப்படி முடியாது. தைத்துக் கொடுக்க வேண்டுமானால் அளவு வேண்டும். அளவெடுத்து, தைத்து, கொடுப்பதற்குள் குழந்தை வளர்ந்துவிடும் இக்கட்டும் உண்டு. வளரும் உடலுக்கு உள்ள அதே சிக்கல்தான் இளைக்கும் உடலுக்கும்.

ஆயத்த ஆடைகளில் இது இன்னும் கடுமையாகிறது. ஒரு நிறுவனத்தின் 'எல்' அளவு, மற்றொரு நிறுவனத்தின் 'எக்ஸ்எல்' ஆக இருக்கிறது. காரணம், இந்திய உடலுக்கென்று எல்லோரும் பின்பற்றும் பொது அளவுமுறை நம்மிடம் இருந்ததில்லை. வெளிநாட்டு அளவுகளையே நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டன. இதைச் சரிசெய்யத்தான் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், 15 முதல் 65 வயது வரையிலானவர்களின் உடலை முப்பரிமாணக் கருவியால் அளந்து, இந்திய அளவுமுறையை உருவாக்கும் திட்டத்தை மேற்கொண்டது. ஆகவே, சட்டையின் கழுத்துப்பட்டையில் உள்ள எழுத்து மாறவில்லை என்பதற்காக யாரும் சோர்ந்துபோக வேண்டியதில்லை. மாறியதற்காகத் துள்ளவும் வேண்டியதில்லை. அந்த எழுத்து உடலைப் பற்றியதன்று; அந்த நிறுவனத்தைப் பற்றியது.

சேலை கட்டுகிறவர்களுக்கும் சிக்கல் ஒரே ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. அது ரவிக்கை. காஞ்சிக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களில் இது அடிக்கடி நேர்கிறது. திருமணத்துக்கு மூன்று, நான்கு மாதங்கள் முன்பே சேலை எடுக்கப்படுகிறது. அன்றே ரவிக்கைத் துணியை வெட்டி, ஆரி வேலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கிடையே மணப்பெண் எடையைக் குறைக்கிறார். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் ரவிக்கை தோளிலிருந்து நழுவுகிறது. பக்கத் தையலைப் பிடிக்கலாம் என்றால், அங்கேயும் மணியும் ஜரிகையும் நிரம்பிக் கிடக்கின்றன. சேலையைவிட அதிக மன உளைச்சலைத் தருவது, அதன் ஓரத்தில் ஒட்டிவந்த முக்கால் மீட்டர் துணிதான்.

தீர்வு எளியது. சேலையை முன்கூட்டியே எடுக்கலாம். ரவிக்கையை முடிந்தவரை தாமதமாக வெட்ட வேண்டும். வேலைப்பாட்டைக் கைகளிலும் முதுகுக் கழுத்திலும் வைத்துக்கொண்டு, பக்கங்களை வெறுமையாக விடச் சொல்ல வேண்டும். உள்ளே இருபுறமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். இறுக்கமாகத் தைத்துவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. பட்டில் ஊசி நுழைந்த இடம் தடமாக நின்றுவிடும். தையலைப் பிரித்து விரித்தால் அந்தத் தடம் வெளியே தெரியும். சற்றுத் தளர்வாகத் தைத்ததைப் பிடித்துச் சிறிதாக்கினால், பழைய தையல் உள்ளே போய் மறைந்துவிடும்.

எதைப் பிடிக்க முடியும், எதை முடியாது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ரவிக்கை அளவுகள் 36, 38, 40 என்று இரண்டிரண்டு அங்குலமாக ஏறுகின்றன. ஓர் அளவு குறைந்தால் பக்கத் தையலிலேயே சரிசெய்துவிடலாம். கையின் சுற்றளவையும் குறைக்கலாம். இரண்டு அளவு குறைந்துவிட்டால் தோளும் கைக்குழியும் கழுத்தும் இடம் மாறிவிடுகின்றன. அப்போது பக்கத்தில் மட்டும் பிடித்தால் ரவிக்கை பொருந்தாது. முன்புறம் சுருங்கி, கழுத்து வாய்பிளந்து நிற்கும். அந்த நிலையில் புதிதாகத் தைப்பதே சிக்கனம். காற்சட்டைக்கும் இடுப்பில் இரண்டு அங்குலம் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பைகள் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்.

எனவே, எடை குறைந்துகொண்டிருக்கும் மாதங்களில் குறைவாக வாங்குவதே முறை. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பாதுகாப்பான வேகம் என்று மருத்துவம் சொல்கிறது. அந்தக் கணக்கில் 10 கிலோ குறையச் சுமார் இரண்டரை முதல் ஐந்து மாதங்கள் ஆகும். அதுவரை வேலைக்குப் போகவும், வீட்டில் இருக்கவும், நடைப்பயிற்சிக்கும் மூன்று, நான்கு உடைகள் போதும். நாடா வைத்த சல்வார், தளர்வான குர்தா, பருத்திச் சேலை, வேட்டி ஆகியவை உடலோடு சேர்ந்து மாறக்கூடியவை. ஆனால், உள்ளாடையில் மட்டும் சிக்கனம் கூடாது. மார்பளவும் இடுப்பளவும் குறையும்போது முதலில் பொருந்தாமல் போவது அதுவே. தாங்காத உள்ளாடையோடு நடப்பதும் ஓடுவதும் வலியைத் தரும். வலி வந்தால் பயிற்சி நின்றுவிடும். விரலில் தளர்ந்த மோதிரத்தைக் கழற்றி வைப்பதும் நினைவில் இருக்கட்டும்.

நாடாவிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பல ஆண்டுகள் இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் உண்டான புண், ஆறாமல் தோல் புற்றுநோயாக மாறிய இரு இந்தியப் பெண்களின் நிலையை, மகாராஷ்டிரம், பிகார் மருத்துவர்கள் 2024-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவுசெய்தார்கள். இது மிக அரிது. எனினும், அகலமான பட்டையுள்ள பாவாடை, சற்றுத் தளர்வான முடிச்சு, அவ்வப்போது கட்டும் இடத்தை மாற்றுவது ஆகியவை எந்தச் செலவும் வைக்காதவை.

உடை நமக்குச் செய்யும் இன்னோர் உதவி, அது உடலின் செய்தியை முன்னதாகச் சொல்லிவிடுவது. பயிற்சி செய்பவருக்குக் கொழுப்பு குறைந்து தசை கூடும்போது, எடைக்கருவி அசையாமல் நிற்கலாம், சட்டை தளர்ந்திருக்கும். ஆசிய இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ.க்கும் பெண்களில் 80 செ.மீ.க்கும் உட்பட்டு இருப்பது நல்லது என்பது மருத்துவ அளவுகோல். தையற்காரரின் அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும். எடைக்கருவியில் தினமும் ஏறி இறங்கி மனம் கலங்குவதைவிட, மாதம் ஒருமுறை நாடாவால் அளப்பது மேல்.

அதே உடை எச்சரிக்கவும் செய்யும். உணவையோ உழைப்பையோ மாற்றாமலே ரவிக்கை தளர்ந்தால், இடுப்பு வாரில் புதிய துளை போட வேண்டி வந்தால், அது மகிழ்ச்சிக்கு உரிய செய்தியன்று. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், காரணம் தெரியாமல் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் 3 கிலோ. காசநோய், கட்டுப்பாடற்ற நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு, சிலவகைப் புற்றுநோய்கள் எல்லாம் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகின்றன. 'இளைத்துவிட்டாயே, அழகாக இருக்கிறாய்' என்று ஊர் பாராட்டிக்கொண்டிருக்கும் வேளையில் நோய் முற்றிவிடுவது உண்டு. முதியவர்களிடம் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அப்பாவின் சட்டை தோளில் தொங்குவதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் வீட்டார்தாம்.

எடை இலக்கை எட்டிய பிறகு பழைய உடைகளை என்ன செய்வது? உடனே எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் வேண்டாம். எல்லாவற்றையும் வைத்திருக்கவும் வேண்டாம். குறைத்த எடையில் ஒரு பகுதி திரும்ப ஏறுவது பலருக்கும் நேர்வது. ஊசி மருந்தை நிறுத்தியவர்களிடமும் இது காணப்படுகிறது. அது ஒழுக்கக் கேடு அன்று. பசியையும் செலவழியும் ஆற்றலையும் மாற்றி, இழந்ததை மீட்க உடல் செய்யும் முயற்சி. எனவே, ஓர் அளவு பெரிய உடைகள் சிலவற்றை ஓராண்டு வைத்திருந்துவிட்டு, மற்றவற்றை நல்ல நிலையில் இருக்கும்போதே தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம்.

பட்டுச் சேலையை மட்டும் எவரும் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. இருபது வயதில் முகூர்த்தத்துக்குக் கட்டியதை, பிள்ளை பெற்ற பிறகும், ஐம்பதில் நீரிழிவுக்கு அஞ்சி இளைத்த பிறகும் அதே பெண் கட்டுகிறார். பிறகு மகள் கட்டுகிறாள். 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெருமைகளாகக் கோர்வையையும் கரையையும் சொல்கிறோம். ஒரே பெண்ணின் பல உடல்களுக்கும் அது பொருந்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தைத்த உடையின் வசதிக்கு நாம் மாறிவிட்ட காலத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் ஓசை தேய்ந்துவருவதில் ஊருக்கு மட்டுமல்லாமல், நம் உடலுக்கும் ஓர் இழப்பு இருக்கிறது.

எல்லோரும் எல்லா நாளும் சேலை கட்ட வேண்டும் என்பதன்று இதன் பொருள். பேருந்தில் தொங்கிச் செல்பவருக்கும் இருசக்கர வாகனம் ஓட்டுபவருக்கும் அது எளிதன்று. ஆனால், அந்தத் துணி கட்டுகிறவரிடம் ஒருபோதும் 'முதலில் இளைத்து வா' என்று சொன்னதில்லை. நாமும் நமக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இளைப்பது உடல்நலத்துக்காக, உடுத்துவது இன்றைய நாளுக்காக. இலக்கை எட்டும் வரை மூன்றே உடைகள் போதும். அவை மூன்றும் இன்றைய உடலுக்குப் பொருந்தட்டும்.