இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டம் (இண்டோயெக்சு)

இண்டோயெக்சு எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டம், காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் மேகங்களையும் சூரிய வெப்பத்தையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை நேரடியாக அளந்தறிய மேற்கொள்ளப்பட்ட பன்னாட்டு முயற்சியாகும். இதன் முதன்மைக் களப்பணி 1999 சனவரி முதல் மார்ச்சு வரை, மாலத்தீவை மையமாகக் கொண்டு நடைபெற்றது. அமெரிக்காவின் ஸ்கிரிப்சு கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வீ. ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பவுல் கிரட்சனும் இதற்குத் தலைமை வகித்தனர்.

அளப்பதில் உள்ள சிக்கல்

கார்பன் டை ஆக்சைடு நீண்ட காலம் காற்றில் தங்கி, உலகெங்கும் ஏறத்தாழச் சீராகக் கலந்துவிடுகிறது. எனவே ஓரிடத்தில் அளந்தாலே பெரும்பாலும் போதும். நுண்துகள்கள் (ஏரோசால்) அப்படியல்ல. புகை, கரி, சல்பேட்டு, தூசி ஆகியவை சில நாள்களிலேயே மழையோடு இறங்கிவிடும். இடத்துக்கு இடம் அளவும் வேறுபடும். சில துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. கரித்துகள் அதை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. மேகத்துளி உருவாவதற்கும் இத்துகள்களே கருவாக அமைகின்றன. ஆகவே தரை, கப்பல், விமானம், செயற்கைக்கோள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் ஒரே காலத்தில் அளந்தாக வேண்டும். இக்கருவிகள் எல்லாம் ஒரே நிறுவனத்திடம் இருப்பதில்லை. இத்துறையில் நிதி திரட்டுவது கடினமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

நிதியும் ஏற்பாடும்

அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் 1991இல் ஸ்கிரிப்சில் மேகங்கள், வேதியியல், காலநிலை ஆகியவற்றுக்கான மையம் ஒன்றை நிறுவ உதவியது. இத்தகைய மையங்களுக்கு ஓராண்டு, ஈராண்டு அல்ல, ஏறத்தாழப் பத்தாண்டு நிதி கிடைக்கும். இண்டோயெக்சு உருவானதற்கு இந்த நீண்டகால உறுதியே அடிப்படை எனலாம். 1996 முதலே இந்தியாவின் 'சாகர் கன்யா' ஆய்வுக்கப்பல் முன்னோட்டப் பயணங்களை மேற்கொண்டது. களப்பணிக்குச் சுமார் 2.5 கோடி டாலர் செலவாயிற்று. அமெரிக்க, ஐரோப்பிய, இந்திய அமைப்புகள் இதைப் பகிர்ந்துகொண்டன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் (இசுரோ) அவற்றுள் ஒன்று. 200க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் பங்கேற்றனர்.

இடத்தேர்வும் பொருத்தமானதே. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று தெற்காசியாவின் புகையைக் கடல்மேல் கொண்டுவருகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தூய கடற்காற்று வீசுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

ராமநாதன் 1944இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். தொடக்கத்தில் செகந்திராபாத்தில் குளிர்பதனப்பெட்டி நிறுவனமொன்றில் பணியாற்றினார். குளிர்பதனப்பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ புளூரோ கார்பன்கள் புவியை வெப்பமாக்கும் என்று 1975இல் காட்டியவரும் இவரே.

கண்டறிந்தவை

வட இந்தியப் பெருங்கடலின் மேல், சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்புநிறப் புகைமூட்டம் பரவியிருந்தது. அதில் பெரும்பகுதி மனிதச் செயல்களால் விளைந்தது. வளிமண்டலத்தின் மேல் எல்லையில் ஏற்படும் வெப்ப இழப்பைப் போல் மூன்று மடங்கு இழப்பு கடற்பரப்பில் ஏற்படுவதை அளவீடுகள் காட்டின. இடைப்பட்ட வெப்பம் கரித்துகளால் காற்றிலேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு சூடான காற்றில் சிறு மேகங்கள் கலைந்துபோகக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் விளக்கினர். செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்தால் கடற்பரப்பில் நேரும் இந்த இழப்பு தெரிந்திருக்காது.

பெயர்ச் சர்ச்சை

2002இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கை, இதை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று குறிப்பிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் இதை மறுத்து எழுதினர். புகைமூட்டம் ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே காணப்படுகிறது, மற்றக் கண்டங்களிலும் உள்ளது, சில மாத அளவீட்டைக் கொண்டு பருவமழை பற்றி முடிவு கூற இயலாது என்பன அவர்களின் வாதங்கள். அவை நியாயமானவையே. பின்னர் பெயர் 'வளிமண்டலப் பழுப்பு மேகங்கள்' என மாற்றப்பட்டது.

தொடர்ச்சி

தொடர் அளவீட்டின் தேவை இதனால் தெளிவாயிற்று. மாலத்தீவின் அனிமாதூ தீவில் நிலையான ஆய்வகம் அமைந்தது. 2006இல் அங்கிருந்து மூன்று சிறு ஆளில்லா விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பறந்து, மேகத்துக்கு மேலும் உள்ளும் கீழும் ஒரே நேரத்தில் அளந்தன. பெரிய ஆய்வு விமானங்களை விட இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. அதே ஆண்டில் இசுரோ தன் சொந்த நிதியில் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் விரிவான களப்பணியை நடத்தியது. திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தின் ஒருங்கிணைப்பில் நாட்டின் பல இடங்களில் துகள் அளவீட்டு நிலையங்கள் இயங்குகின்றன. மேகங்களுக்குள் விமானம் செலுத்தி அளக்கும் பணியைப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009இல் தொடங்கியது.