தபால் கட்டும் பன்னிரண்டு வாரமும்

“கரஸ்ல பி.ஏ. பண்றேன்” என்று ஒருவர் சொன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பி.யு.சி.யோடு வேலைக்குப் போய்விட்ட கிளார்க், பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டியிருந்த பள்ளி ஆசிரியர், ராத்திரி டூட்டி போலீஸ்காரர், கல்யாணத்தால் படிப்பு நின்றுபோன பெண். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் தொடங்கிவைத்த இந்தக் ‘கரஸ்’ என்னும் அஞ்சல்வழிக் கல்வியை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் நடத்தத் தொடங்கியது. பிறகு 1979-இல் அண்ணாமலை, 1981-இல் சென்னை என்று வரிசையாக வந்தன. கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்கு இவை திறந்த பக்கவாசல்.

இன்று ஐஐடிகளின் இணையவழிப் படிப்பில் சேர்ந்து “என்பிடெல் போட்டிருக்கேன்” என்பவர் பெரும்பாலும் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறார். பொறியியல் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கிறார்; ஹாஸ்டலில் கட்டிலில் சாய்ந்தபடி ஐஐடி பேராசிரியர் ஒருவரின் வீடியோவைக் காதில் மாட்டிக் கேட்கிறார். அதில் தேறினால் அவருடைய துறையில் ஒரு விருப்பப் பாடம் கழியும். மூன்று கிரெடிட் கணக்கில் ஏறும். தொலைவிலிருந்து படிப்பது அன்று கல்லூரிக்கு மாற்று, இன்று கல்லூரிப் படிப்பிலேயே ஒரு பங்கு. மற்ற மாற்றங்கள் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

பாடம் வந்த வழி

அன்று பணம் கட்டிய பிறகு காத்திருக்க வேண்டும். பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, தபாலில் பாடப் புத்தகக் கட்டு வரும். சில பாடங்கள் முன்னால் வரும், சில பின்னால் வரும், ஒன்றிரண்டு தேர்வு நெருங்கும்வரை வராது. பாடத்தை எழுதியவரைப் பார்க்க வழியில்லை. சந்தேகம் வந்தால் தொடர்பு வகுப்பு நடக்கும் சனி, ஞாயிறுவரை அது காத்திருக்கும். அந்த வகுப்புக்கும் லீவு போட்டு, பஸ் பிடித்து, வெளியூர் போக வேண்டும். ஆனால் ஒரு வசதி இருந்தது. வரலாறு, பொருளியல் போன்ற படிப்புகளைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே தேர்வெழுத முடிந்தது.

இடையில் தொலைக்காட்சியும் முயன்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நாடு தழுவிய வகுப்பறை’ நிகழ்ச்சி 1984 ஆகஸ்டில் தூர்தர்ஷனில் தொடங்கியது. ஆனால் அது ஒளிபரப்பாகும் பகல் பொழுதில் கரஸ் மாணவர் அலுவலகத்தில் இருப்பார். அவருக்காக நிகழ்ச்சி நிற்காது.

நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்க்கும் வசதி பின்னால்தான் வந்தது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்பிடெல்லைத் தொடங்கின. யூடியூப் பார்க்கும் அளவுக்கு இணைய வேகம் இல்லாத காலத்தில் கல்லூரிகள் அந்த வீடியோக்களை ஹார்டு டிஸ்க்கில் வாங்கி வந்து நூலகக் கணினிகளில் ஏற்றிவைத்தன. பாடம் இருந்தது, கெடு இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆர்வமுள்ள சிலர் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2014-இல் வாரப் பணியும் சான்றிதழ்த் தேர்வும் சேர்ந்த பிறகுதான் அதே பேராசிரியர்களின் படிப்புகள் மாணவர்களின் பேச்சில் அடிபடத் தொடங்கின. இந்தப் படிப்புகளும் இடம்பெறும் ஒன்றிய அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017 ஜூலையில் வந்தது.

இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை, மொழிதான் இடிக்கிறது. விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பல படிப்புகளுக்குத் தமிழ் எழுத்து வடிவம் வந்துவிட்டது என்றாலும், தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த மாணவர் முதல் இரண்டு வாரம் திணறத்தான் செய்கிறார். கரஸ் தந்த ஒரு சலுகையை இங்கே இழந்திருக்கிறோம்.

யாருடைய வேகம்

உங்கள் வசதிப்படி, உங்கள் வேகத்தில் படிக்கலாம் என்பது இணையப் படிப்புகளின் விளம்பரம். உண்மையில் அப்படிப் படித்தவர் கரஸ் மாணவர்தான். கட்டு வந்த நாளிலிருந்து தேர்வு நாள்வரை வருஷம் முழுக்க அவருடையது, கேட்க ஆளில்லை. விளைவு ஊரறிந்தது. கட்டு பரணில் ஏறும். ஹால் டிக்கெட் வந்ததும் கீழே இறங்கும். கடைசி மாதத்தில் கைடும் ஐந்தாண்டு வினாத்தாள் ஜெராக்ஸும் சேர்ந்து கரையேற்றும், ஏற்றாவிட்டால் அரியர். இதையும் மீறி முடித்தவர்களிடம் கேட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே பதில்தான். கூட ஒரு ஆள் இருந்தார். ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் சேர்ந்து பணம் கட்டியிருப்பார்கள், மதிய இடைவேளையில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டிருப்பார்.

இன்றைய பன்னிரண்டு வாரப் படிப்பில் வேகம் மாணவருடையதல்ல. வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ, மொத்தத்தில் முப்பது மணி நேரம். ஒவ்வொரு வாரமும் ஒரு அசைன்மென்ட், அதற்கு ஒரு கெடு. கெடு தாண்டினால் பக்கம் பூட்டிக்கொள்ளும். பன்னிரண்டில் சிறந்த எட்டை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல், பண்டிகை, இன்டர்னல் தேர்வு என்று தவறும் வாரங்களுக்காக வைத்த இரக்கம் இது. நம் பிள்ளைகள் அதை வேறுவிதமாகக் கணக்குப் போடுகிறார்கள். எட்டு முடிந்ததும் “போதும்டா” என்று நிறுத்திவிடுகிறார்கள். கடைசி நான்கு வாரத்தில்தான் பாடத்தின் கனமான பகுதி இருக்கும். தேர்வில் அதிலிருந்தும் கேள்வி வரும்.

குறுக்கு வழிகளும் காலத்தோடு வளர்ந்திருக்கின்றன. கைடு இருந்த இடத்தில் டெலிகிராம் குழு. அந்த வாரத்து விடைகள் அங்கே உலவும். வீடியோ இரட்டை வேகத்தில் ஓடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் தூங்கியும் போவார்.

இன்னொரு வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. கரஸ்ஸில் முதலிலேயே வருஷக் கட்டணம் கட்டியாக வேண்டும். பாதியில் விட்டால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். என்பிடெல்லில் சேர்வது இலவசம், தேர்வுக்கு மட்டும் பல ஆண்டுகளாக ஆயிரம் ரூபாய். சேரக் காசில்லை என்பதால் விலகவும் வலிக்கவில்லை. சேருபவர்களில் சிறு பங்கினரே தேர்வுக்குப் பணம் கட்டுகிறார்கள். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2011-இல் ஸ்டான்போர்டு பேராசிரியர் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக்குடன் சேர்ந்து நடத்திய செயற்கை நுண்ணறிவு வகுப்பில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். இறுதிவரை வந்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம்.

தேர்வு அறை

மாறாத ஒன்று உண்டு. பாடம் வீட்டுக்கு வந்துவிட்டது, தேர்வு இன்னும் வரவில்லை. கரஸ் மாணவர் மையம் தேடிப் போனதுபோலவே என்பிடெல் மாணவரும் வார இறுதியில் அடையாள அட்டையோடு மதுரைக்கோ திருச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறுகிறார். நூறில் எழுபத்தைந்து மதிப்பெண் அந்த மூன்று மணி நேரத்துக்கு. மீதி இருபத்தைந்துதான் அசைன்மென்ட்டுக்கு. தேர்வில் எழுபத்தைந்துக்கு முப்பது, அசைன்மென்ட்டில் இருபத்தைந்துக்குப் பத்து என இரண்டும் தனித்தனியே வந்தால்தான் சான்றிதழ். டெலிகிராம் விடையை நம்பி இருபத்தைந்தையும் அள்ளியவர் இங்கே அகப்பட்டுக்கொள்கிறார். இந்தக் கிரெடிட்டைப் பல்கலைக்கழகங்கள் நம்பி ஏற்பதற்கு இந்த அறைதான் பெரிய காரணம்.

மதிப்பு

“ரெகுலரா, கரஸ்ஸா?” இந்தக் கேள்வி வேலை நேர்காணலிலும் வந்தது, பெண் பார்க்கும் இடத்திலும் வந்தது. பட்டம் ஒன்றுதான், கௌரவம் அரைதான். இன்றைய மாணவரிடம் அதை யாரும் கேட்பதில்லை. கல்லூரியில் படித்த பாடமும் கணினியில் படித்த பாடமும் ஒரே மதிப்பெண் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஸ்வயம் வழியாகப் படிப்பின் 20 சதவீதம்வரை கிரெடிட் பெறலாம் என்று 2016-இல் வந்த விதி, 2021-இல் 40 சதவீதமாக உயர்ந்தது. அதே ஆண்டு தொடங்கிய கிரெடிட் வங்கியில் அவற்றைச் சேர்த்தும் வைக்கலாம். அஞ்சல்வழி, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. பழைய கரஸ் பட்டதாரிகளில் பலர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

தபால் போய் வீடியோ வந்தது, பரண் போய் போன் வந்தது. முடிப்பவரை முடிக்கவைப்பது மட்டும் அப்படியே இருக்கிறது: வெளியே ஒருவர் குறித்த தேதியும், அந்தத் தேதியை நினைவுபடுத்த ஒரு ஆளும். முதலாவதைத் தளம் தருகிறது. இரண்டாவதைக் கல்லூரிதான் தர வேண்டும். பதிவு எண்ணிக்கையை அனுப்புவதோடு நில்லாமல், வாரம் ஒரு மணி நேரம் அதே பாடத்தை எடுத்த பத்துப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, ஒரு ஆசிரியர் “ஒன்பதாவது வாரம் பாத்தாச்சா?” என்று கேட்டால் போதும். கரஸ் மாணவர் மதிய இடைவேளையில் தானே தேடிக்கொண்ட துணையை, கையில் எல்லா வசதியும் உள்ள கல்லூரி தன் மாணவருக்கு ஏற்பாடு செய்துகொடுக்க முடியாதா என்ன?