கேமரா ஃபில்டரைச் சுத்தம் செய்வது எப்படி?

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கியவர்களில் பலர் லென்ஸின் முன்னால் ஒரு யு.வி. ஃபில்டரை மாட்டுகிறார்கள். அத்தோடு அதை மறந்தும் விடுகிறார்கள். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அடுக்கே புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எனவே இந்த ஃபில்டருக்கு மிஞ்சியிருக்கும் வேலை, லென்ஸுக்குக் காவல் நிற்பதுதான். தூசி, கைரேகை, மழைத்துளி எல்லாம் லென்ஸுக்குப் பதிலாக இதன்மீது படியும்.

கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோமப் புகையில் நெய்ப் பிசுக்கும் கரியும் கலந்திருக்கும். அருகில் நின்று படம் எடுத்த பிறகு ஃபில்டரை நேராகப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். அதையே ட்யூப் லைட்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், மெல்லிய படலம் தெரியும். இதனால் வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படங்கள் பால் கலந்தது போல வெளுத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி ஓரளவு சரிக்கட்டலாம். ஆனால் தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியுமா? மண்டபத்துக்குக் கிளம்பும் முன் இந்த ட்யூப் லைட் சோதனையை நான் தவறாமல் செய்கிறேன்.

துடைப்பதற்கு முன் ஊத வேண்டும். தெருத்தூசியில் இருக்கும் மணல் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. அது இருக்கும்போதே துடைத்தால், உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் ப்ளோயரை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபில்டரைக் கவிழ்த்துப் பிடித்து ஊதினால் தூசி கீழே விழுந்துவிடும். அதற்குப் பிறகும் பிசுக்கு இருந்தால், லென்ஸ் க்ளீனரை ஃபில்டரில் ஊற்றாமல், மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வட்டமாகத் துடையுங்கள். சட்டை நுனியும் வேட்டித் தலைப்பும் வேண்டாம். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவத்தைத் தொடவே வேண்டாம், மேற்பூச்சு கெட்டுவிடும். மைக்ரோஃபைபர் துணியையும் அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்த்தால் அது கண்ணாடியில் கறையாக இறங்கும்.

கடற்கரையில் படம் எடுத்தீர்களா? ஃபில்டரில் உப்பு இருக்கும். உப்பு தண்ணீரில்தான் நன்றாகக் கரையும், ஆல்கஹாலில் கரையாது. ஆகவே சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

ஒற்றைக் கண்ணாடியால் ஆன யு.வி. ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசலாம். ஆனால் போலரைசர் ஃபில்டரை அப்படிச் செய்யாதீர்கள். அதில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஓரத்தின் வழியாக ஈரம் புகுந்தால் ஒட்டு விட்டு, விளிம்பில் வெண்மை படரும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. விலையும் யு.வி. ஃபில்டரைப் போலப் பல மடங்கு.

ஃபில்டர் இறுகிக் கழற்ற வரவில்லையா? விரல்களால் அழுத்திப் பிடித்தால் வளையம் கோணி இன்னும் இறுகும். விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, அழுத்தாமல் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும்.

கடைசியாக, பூஞ்சை. நம் ஊர் மழைக்காலத்தில் இதுதான் பெரிய எதிரி. கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் பையில் வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். அதில் கோபால்ட் குளோரைடு இருப்பதால், சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள்.